தவறான வலையமைப்பில் போய்விட்ட கிரிப்டோவை மீட்க முடியுமா? வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கணினியும் கைத்தொலைபேசியும் திருத்தும் சிறிய கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். உடைந்த திரையோடும் நனைந்த போனோடும் வருகிறவர்களுக்கு நடுவே, கடந்த சில ஆண்டுகளாக வேறொரு முறைப்பாட்டோடும் ஆட்கள் வருகிறார்கள்: அனுப்பியவரின் போனில் "வெற்றி" என்று காட்டுகிறது, பெற வேண்டியவரின் போனில் ஒன்றும் இல்லை. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வடிவமைப்பும் நிரலாக்கமும் செய்து, கூலியை, ஒன்று ஒரு டொலருக்குச் சமமாக வைக்கப்படும் கிரிப்டோ நாணயமான யூஎஸ்டிடியாகப் பெறும் இளையவர்களே இவர்களில் அதிகம். சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளை அனுப்பியதைத் தேடி வருகிற பெற்றோரும் உண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளையும், பார்த்துப் பழகியதிலிருந்து நான் சொல்லக்கூடிய பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பயந்துபோன நிலையில் வாசிப்பவர்களுக்காக எழுதுவதால், தேவையான இடங்களில் சுருக்காமல் எழுதியிருக்கிறேன்.

அனுப்பிய பணம் அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிளொக்செயின் என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்குப் பேரேடு. அதில் பதிவான தொகை, பதிவான வலையமைப்பில், பதிவான முகவரியில் அப்படியே இருக்கும். இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலில் திறந்துவிட்ட நீர் வலதுகரை வயலுக்கு வரவில்லையென்றால், குளம் வற்றிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. எந்தத் துருசு திறக்கப்பட்டது என்றுதான் பார்க்கிறோம். இங்கும் தொகை எந்த வலையமைப்பில் எந்த முகவரியில் நிற்கிறது என்பது முதற் கேள்வி. அந்த வலையமைப்பில் அந்த முகவரியிலுள்ள பணத்தை எடுக்க உதவும் இரகசிய இலக்கமான தனிச்சாவி யாருடைய கையில் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. மீட்க முடியுமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது கேள்விதான். சாவி உங்களிடம் இருந்தால் நீங்களே எடுக்கலாம். எக்ஸ்சேஞ்சிடம் (கிரிப்டோவை வாங்க, விற்க, வைத்திருக்கக் கணக்குத் தரும் நிறுவனம்) இருந்தால் அவர்களைக் கேட்க வேண்டும். எவரிடமும் இல்லையென்றால் எவராலும் எடுக்க முடியாது.

யூஎஸ்டிடி ஒன்றுதானே, அதற்கு ஏன் இத்தனை வலையமைப்புகள்?

பெயர் ஒன்று, பேரேடுகள் பல. டெதர் நிறுவனத்தின் டொலர் டோக்கன் 2014 இல் பிட்கொயின் வலையமைப்பின் மேல் தொடங்கியது. பின்னர் எதீரியத்தில் ஈஆர்சி-20 வடிவிலும், 2019 இலிருந்து ட்ரொன் வலையமைப்பில் டிஆர்சி-20 வடிவிலும் வெளியிடப்பட்டது. பினான்ஸ் எக்ஸ்சேஞ்சின் பினான்ஸ் ஸ்மார்ட் செயின் (இப்போது பிஎன்பி செயின்) 2020 செப்டெம்பரில் தொடங்கியது. அங்கு பெப்-20 வடிவில் புழங்கும் யூஎஸ்டிடி, டெதர் நேரடியாக வெளியிட்டதன்று, பினான்ஸ் தன்னிடம் இருப்பு வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக வெளியிட்டது. பொலிகன், ஆர்பிட்ரம், ஒப்டிமிசம், பேஸ் ஆகியவை எதீரியத்தின் இயங்குமுறையைப் பின்பற்றும் வேறு வலையமைப்புகள். எதீரியத்தில் நெரிசலான நேரத்தில் ஒரு தடவை அனுப்புவதற்கே பல டொலர்கள் போகலாம். மற்றவற்றில் சில சதங்களோடு முடிந்துவிடும். ஆகவே அனுப்புகிறவர் மலிவானதைத் தெரிவு செய்கிறார், பெறுகிறவர் வேறொன்றை எதிர்பார்த்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எதீரியமும் அதைப் பின்பற்றும் வலையமைப்புகளும் ஒரே வகை முகவரியைப் பயன்படுத்துகின்றன: '0எக்ஸ்' (0x) என்று தொடங்கி, அதன் பின் 40 எழுத்தும் இலக்கமும் வரும். முகவரி ஒன்றுபோல இருப்பதால் செயலி தவறைப் பிடிக்காமல் அனுப்பிவிடுகிறது. தவறு நடப்பதற்குக் காரணமான அதே ஒற்றுமைதான், பல வேளைகளில் அதை மீட்பதற்கும் வழி தருகிறது.

முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

எதையும் மீண்டும் அனுப்பாதீர்கள், செயலியை அழிக்காதீர்கள், போனைப் புதிதாக்காதீர்கள். பணம் வரவில்லை என்ற பதற்றத்தில் சாவியை வைத்திருக்கும் வொலட் செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியவர்கள், அதைத் திரும்பத் திறப்பதற்கான பன்னிரண்டு சொற்களை எழுதிவைக்காதவர்களாக இருந்தால், தவறிப்போன தொகையோடு பத்திரமாக இருந்த தொகையையும் இழந்துவிடுகிறார்கள்.

அடுத்து, அனுப்பியவரிடமிருந்து பரிவர்த்தனை ஹாஷை (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய தனி அடையாளக் குறி) கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்சொட் போதாது, பிரதி எடுத்து ஒட்டக்கூடிய எழுத்தாக வேண்டும். எதீரியம் வகையில் அது '0எக்ஸ்' உடன் 64 எழுத்துகள் கொண்டது. ட்ரொனில் '0எக்ஸ்' இல்லாமல் 64 எழுத்துகள். அதை எதீர்ஸ்கான், பிஎஸ்சிஸ்கான், பொலிகன்ஸ்கான், ட்ரொன்ஸ்கான் ஆகிய தளங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பாருங்கள். எந்தத் தளத்தில் அது கிடைக்கிறதோ, அந்த வலையமைப்பில்தான் உங்கள் பணம் நிற்கிறது. அங்கே நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: நிலை வெற்றியா தோல்வியா, எந்த டோக்கன், எவ்வளவு தொகை, எந்த முகவரிக்குப் போனது. டோக்கன் அனுப்பும்போது பக்கத்தின் மேற்பகுதியில் "பெறுநர்" என்று டோக்கனின் ஒப்பந்த முகவரி (அந்த டோக்கனை இயக்கும் நிரலின் முகவரி) தெரியும். உண்மையில் பெற்றவரின் முகவரி அதற்குக் கீழே, டோக்கன் மாற்றம் என்ற வரியில் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பணம் யாரோ ஒருவருக்குப் போய்விட்டது என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிலை "தோல்வி" என்றிருந்தால் டோக்கன் அனுப்பியவரிடமே இருக்கிறது. கட்டணம் மட்டுமே போயிருக்கும்.

முகவரி என் சொந்த வொலட்டினுடையது. வேறு வலையமைப்பில் வந்திருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம். இதுவே மிகவும் எளிதான நிலைமை, அதிகம் நடப்பதும் இதுவே.

மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வொலட் போன்ற செயலிகளில் பன்னிரண்டு சொற்கள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா, அவற்றிலிருந்துதான் தனிச்சாவி உருவாகிறது. அந்தச் சாவி எதீரியத்தில் எந்த முகவரியைத் திறக்கிறதோ, பிஎன்பி செயினிலும் பொலிகனிலும் ஆர்பிட்ரத்திலும் அதே முகவரியைத் திறக்கும். ஆகவே பணம் உங்கள் முகவரியில்தான் இருக்கிறது. உங்கள் செயலி வேறு பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தெரியவில்லை.

விசுவமடுவிலிருந்து வந்த ஒரு தங்கை, புத்தக அட்டைகளுக்குப் படம் வரைகிறவர். ஒரு மாத வேலைக்குரிய 220 யூஎஸ்டிடியை வாடிக்கையாளர் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார், இவருடைய மெட்டாமாஸ்க் பூச்சியம் காட்டுகிறது. இரண்டு இரவு நித்திரை இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஹாஷை எதீர்ஸ்கானில் இட்டோம், ஒன்றும் இல்லை. பிஎஸ்சிஸ்கானில் இட்டோம், பச்சை நிறத்தில் "வெற்றி", அதன் கீழே 220, அதன் அருகே அவருடைய முகவரி. முதல் ஐந்து எழுத்தையும் கடைசி ஐந்து எழுத்தையும் அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். "அண்ணை, அப்ப இது என்ர முகவரிதானே?" என்றார். மெட்டாமாஸ்க்கின் மேற்பகுதியில் வலையமைப்புப் பட்டியலைத் திறந்து பிஎன்பி செயினைச் சேர்த்தோம். அப்போதும் பூச்சியம்தான், டோக்கனைச் சேர்க்காததால் அப்படி. பிஎஸ்சிஸ்கானில் அந்தப் பரிவர்த்தனையில் இருந்த டோக்கன் பெயரை அழுத்தி, அதன் ஒப்பந்த முகவரியைப் பிரதி எடுத்து, "டோக்கனைச் சேர்" என்ற இடத்தில் ஒட்டியதும் 220 வந்தது. எல்லாமாகப் பத்து நிமிடமும் ஆகவில்லை.

நீங்கள் கையால் வலையமைப்பைச் சேர்க்க நேர்ந்தால் செயலி ஒரு செயின் இலக்கம் கேட்கும். எதீரியத்துக்கு 1, பிஎன்பி செயினுக்கு 56, பொலிகனுக்கு 137, பேஸுக்கு 8453, ஆர்பிட்ரத்துக்கு 42161. டோக்கனின் ஒப்பந்த முகவரியைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள்; ஒரே பெயரில் போலி டோக்கன்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பரிவர்த்தனையிலிருந்தே எடுங்கள்.

டோக்கன் தெரிகிறது, ஆனால் அனுப்ப முயன்றால் "கட்டணத்துக்குப் போதிய இருப்பு இல்லை" என்கிறது.

ஒவ்வொரு வலையமைப்பும் கட்டணத்தைத் தன் சொந்த நாணயத்தில்தான் வாங்கும். பிஎன்பி செயினில் பிஎன்பி, பொலிகனில் பொல் (2024 செப்டெம்பருக்கு முன் மட்டிக் எனப்பட்டது), எதீரியத்திலும் ஆர்பிட்ரத்திலும் பேஸிலும் ஈதர், ட்ரொனில் டிஆர்எக்ஸ். உங்களிடம் ஆயிரம் யூஎஸ்டிடி இருந்தாலும் அதிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளாது.

ஆகவே அதே முகவரிக்கு, அதே வலையமைப்பில், அந்த நாணயத்தில் ஒரு சிறு தொகையைக் கொண்டுவர வேண்டும். பிஎன்பி செயினில் அல்லது பொலிகனில் ஒரு டொலருக்கும் குறைவான பெறுமதியே தாராளம். ட்ரொனில் யூஎஸ்டிடி அனுப்புவதற்கு மட்டும் பல டிஆர்எக்ஸ் தேவைப்படும். இதுவரை யூஎஸ்டிடியைத் தொட்டிராத முகவரிக்கு அனுப்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். உங்களுக்குப் பணம் அனுப்பிய வாடிக்கையாளரிடமே கேளுங்கள். தவறான வலையமைப்பைத் தெரிவு செய்தவர் அவரென்றால், கட்டணத்துக்கான சிறு நாணயத்தையும் சேர்த்து அனுப்பித் தருவது அவருக்குப் பெரிய காரியமில்லை, பெரும்பாலானோர் மறுப்பதும் இல்லை. பேஸ்புக்கில் முகம் தெரியாத ஒருவரிடம் "கட்டண நாணயம்" கேட்டு, பதிலுக்கு அவர் கேட்ட பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தவர் ஒருவரும் கடைக்கு வந்தார். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நாணயம் வந்த பிறகு, தொகையை அதே வலையமைப்பை ஏற்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்கு அனுப்பலாம், அல்லது பாலம் எனப்படும் சேவையினூடாக வேறு வலையமைப்புக்கு மாற்றலாம். முதலாவது எளிது, செலவும் குறைவு. புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

பன்னிரண்டு சொற்களை எழுதிய கொப்பி நனைந்துவிட்டது. சில சொற்கள் பாதிதான் தெரிகின்றன.

நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்தோ வருவன அல்ல. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட, எவரும் பார்க்கக்கூடிய ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களும் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றாக இருக்காது. ஆகவே முதல் நான்கு எழுத்துகள் தெரிந்தால் போதும், முழுச் சொல்லும் கிடைத்துவிடும்.

ஒரு மாரிக்குப் பின் பூநகரியிலிருந்து ஒரு ஐயா தன் மகனின் அப்பியாசக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். மகன் வெளிநாடு போவதற்கு முன் நீல மையில் எழுதியது. மூன்றாம் வரியின் ஒரு பகுதி கரைந்திருந்தது. ஒன்பதாவது சொல்லில் நான்கு எழுத்து மிஞ்சியிருந்தது, பத்தாவதில் மூன்று. ஒன்பதாவது உடனே தெரிந்துவிட்டது. பத்தாவதற்குப் பட்டியலில் மூன்று சொற்கள் பொருந்தின. மூன்றையும் முயன்றபோது ஒன்றை மட்டுமே செயலி ஏற்றுக்கொண்டது. கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பு மறைந்திருப்பதால், பிழையான தொகுதிகளில் பெரும்பாலானவற்றைச் செயலியே நிராகரித்துவிடும். இந்த வேலையை உங்கள் சொந்தக் கருவியில், நீங்களே செய்யுங்கள். நான் அந்த ஐயாவிடம் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, சொற்களை அவரையும் வீடியோவில் இருந்த மகனையும் கொண்டே இடச் செய்தேன். திரையை நான் பார்க்கவில்லை.

எக்ஸ்சேஞ்ச் தந்த வைப்பு முகவரிக்கு வேறு வலையமைப்பில் அனுப்பிவிட்டேன்.

இங்கே சாவி உங்களிடம் இல்லை. உங்கள் கணக்கில் அந்த முகவரி காட்டப்பட்டாலும், அதன் தனிச்சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. ஆகவே மெட்டாமாஸ்க்கில் என்ன செய்தாலும் அந்தப் பணம் தெரியாது; அவர்களே எடுத்துத் தர வேண்டும்.

ஆனால் முதலில் சற்றுப் பொறுங்கள். பெரிய எக்ஸ்சேஞ்ச்கள் பல, எதீரியம் வகை வலையமைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே வைப்பு முகவரியைத் தருகின்றன. நீங்கள் ஈஆர்சி-20 என்று நினைத்துப் பெப்-20 இல் அனுப்பியிருந்தாலும், அந்த எக்ஸ்சேஞ்ச் அந்த டோக்கனைப் பெப்-20 இலும் ஏற்பதாக இருந்தால், போதிய உறுதிப்படுத்தல்கள் முடிந்ததும் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். தவறு என்று நினைத்துப் பதறிய பலருக்கு அரை மணி நேரத்தில் பணம் வந்திருக்கிறது.

அப்படி வரவில்லையென்றால் இரண்டு நிலைமைகள் உள்ளன. எக்ஸ்சேஞ்ச் அந்த வலையமைப்பை வேறு நாணயங்களுக்குப் பயன்படுத்துகிறது, இந்த டோக்கனை மட்டும் அங்கே ஏற்பதில்லை என்றால், வாய்ப்பு நன்றாக உள்ளது. அந்த வலையமைப்பையே அறவே பயன்படுத்துவதில்லை என்றால், தொழில்நுட்ப ரீதியில் சாவி அவர்களிடம் இருந்தாலும், பாதுகாப்பாக வைத்திருக்கும் சாவியை ஒரு வாடிக்கையாளரின் சிறு தொகைக்காக வெளியே எடுக்க அவர்கள் விரும்புவதில்லை. இதில் அவர்களை முழுவதும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை சாவியைக் கையாள்வதும் எல்லோருடைய பணத்துக்கும் ஓர் ஆபத்து. கட்டணமும் குறைந்தபட்சத் தொகையும் வைப்பது அதனால்தான். உதாரணத்துக்கு, கொயின்பேஸ் 2022 டிசம்பரில், தான் ஏற்காத ஈஆர்சி-20 டோக்கன்களை அனுப்பியவர்கள் தாமே மீட்டுக்கொள்ளும் வசதியை அறிவித்தபோது, வலையமைப்புக் கட்டணத்தோடு, 100 டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 5 வீதம் அறவிடுவதாகச் சொன்னது.

யூஎஸ்டிசி என்னும் இன்னொரு டொலர் டோக்கனை அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஆர்பிட்ரத்தில் 2023 ஜூனிலும் பொலிகனில் அதே ஆண்டு ஒக்டோபரிலும் சர்க்கிள் நிறுவனம் நேரடியாக யூஎஸ்டிசியை வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்பு பாலத்தினூடாக வந்த பழைய வடிவமும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. வலையமைப்பு சரியாக இருந்தும், எக்ஸ்சேஞ்ச் ஒரு வடிவத்தை மட்டுமே ஏற்பதால் வைப்பு காட்டாமல் போகலாம். ஒப்பந்த முகவரியை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்சுக்கு எப்படி எழுதுவது?

செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியிலிருந்து மட்டும் எழுதுங்கள். பலவற்றில் "வைப்பு கணக்கில் சேரவில்லை" என்ற தனிப் படிவமே உண்டு. ஹாஷ், அனுப்பப்பட்ட வலையமைப்பு, நீங்கள் எதிர்பார்த்த வலையமைப்பு, டோக்கனின் பெயரும் ஒப்பந்த முகவரியும், தொகை, வைப்பு முகவரி, நாளும் நேரமும் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் கொடுங்கள். கதையாக எழுதினால், தானியங்கி உதவியாளர் பொதுவான பதில்களைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு முறைப்பாட்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு அதிலேயே தொடருங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அனுப்பியவர் வேறொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், அனுப்பியதற்கான சான்றைத் தரும்படி அவரையும் கேட்பார்கள், ஆகவே அவரோடு உள்ள தொடர்பை அறுத்துவிடாதீர்கள்.

டோக்கனின் ஒப்பந்த முகவரிக்கே அனுப்பிவிட்டேன்.

இதற்கு மென்மையாகச் சொல்ல ஒரு வழி எனக்குத் தெரியவில்லை: பெரும்பாலும் போனது போனதுதான். ஒப்பந்தம் என்பது ஒரு நிரல். அதற்குத் தனிச்சாவி இல்லை. உள்ளே வந்த டோக்கனை வெளியே விடும் கட்டளை அந்த நிரலில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே எடுக்க முடியும், பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் அது இல்லை.

பலரின் கையொப்பம் தேவைப்படும் வொலட்டுகளும் ஒப்பந்தங்களே. இவற்றுக்கு, ஒரே முகவரி எல்லா வலையமைப்பிலும் உங்களுடையது என்ற விதி பொருந்தாது. 2022 இல் ஒப்டிமிசம் அமைப்பு, கிரிப்டோவை வாங்கி விற்கும் நிறுவனமான வின்டர்மியூட்டுக்கு 20 மில்லியன் ஓபி டோக்கன்களை அனுப்பியது. வின்டர்மியூட் கொடுத்த முகவரியிலிருந்த வொலட் எதீரியத்தில் உருவாக்கப்பட்டிருந்தது, ஒப்டிமிசத்தில் உருவாக்கப்படவில்லை. அவர்கள் அதைச் சரிசெய்வதற்குள் வேறொருவர் அதே முகவரியில் தன் ஒப்பந்தத்தை உருவாக்கி டோக்கன்களைக் கைப்பற்றிவிட்டார். 17 மில்லியனைப் பின்னர் அவர் திருப்பிக் கொடுத்தார். இத்தொழிலையே செய்கிற நிறுவனத்துக்கு இது நடந்திருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் எவராவது தவறவிட்டிருந்தால் அவரை ஏசாதீர்கள்.

ட்ரொன், பிட்கொயின், சொலானா முகவரிகளுக்கும் இப்படித் தவறி அனுப்ப முடியுமா?

அரிது. ட்ரொன் முகவரி 'டி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்துகள் கொண்டது. '0எக்ஸ்' முகவரியை அந்த இடத்தில் ஒட்டினால் செயலி ஏற்காது. சொலானா முகவரியும் வேறு வடிவம். ஆகவே "டிஆர்சி-20 இல் அனுப்பினேன், '0எக்ஸ்' முகவரிக்கு வரவில்லை" என்று எவராவது சொன்னால், ஹாஷைப் பார்க்கும்வரை நம்பாதீர்கள். அநேகமாக வேறு ஏதோ நடந்திருக்கும்.

பிட்கொயினிலிருந்து 2017 ஓகஸ்ட் 1 இல் பிரிந்த பிட்கொயின் கேஷ், தொடக்கத்தில் அதே முகவரி வடிவையே பயன்படுத்தியது. அதனால் ஒன்றை மற்றதன் முகவரிக்கு அனுப்பியவர்கள் பலர். 2018 ஜனவரியில் பிட்கொயின் கேஷுக்குத் தனி முகவரி வடிவு கொண்டுவரப்பட்டது இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகத்தான். உங்கள் சொந்த முகவரிக்கு அப்படி வந்திருந்தால், அதே சாவியை மற்ற நாணயத்துக்கான வொலட்டில் ஏற்றிப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

மெமோ எழுதாமல் அனுப்பிவிட்டேன்.

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியை வைத்திருக்கும். மெமோ அல்லது இலக்கு இலக்கம்தான் உங்களை அடையாளம் காட்டும். பணம் அவர்களிடம் சேர்ந்துவிட்டது, யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது. ஹாஷோடு முறையிடுங்கள், இது மீட்கக்கூடியது.

இப்போதுதான் அனுப்பினேன். நிறுத்த முடியுமா?

வொலட்டில் "நிலுவையில்" என்று காட்டினால் முடியலாம். எதீரியம் வகையில் அதே வரிசை இலக்கத்தோடு, கூடிய கட்டணத்தில் ஒரு வெற்றுப் பரிவர்த்தனையை அனுப்பினால் முந்தியது தள்ளப்படும். செயலியில் "ரத்துச் செய்" என்ற பொத்தான் செய்வது இதையே. ஒரு தடவை உறுதிப்படுத்தப்பட்டுவிட்டால் வங்கியில் போலத் திருப்புவதற்கு எந்த வழியும் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், அது இன்னும் "செயலாக்கத்தில்" இருக்கும்போது ரத்து வசதி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வட்ஸ்அப்பில் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். நான் இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதற்கு முதற் காரணமே இவர்கள்தான். நீங்கள் எங்காவது "என் யூஎஸ்டிடி தவறிவிட்டது" என்று எழுதிய சில நிமிடங்களில் இவர்கள் வந்து சேர்வார்கள். எக்ஸ்சேஞ்சின் இலச்சினையை முகப்புப் படமாக வைத்திருப்பார்கள், இப்போது சிலர் நல்ல தமிழிலேயே எழுதுகிறார்கள். ஒன்றில் முன்கட்டணம் கேட்பார்கள், அல்லது பன்னிரண்டு சொற்களைக் கேட்பார்கள், அல்லது "வொலட்டை ஒத்திசைக்க" ஓர் இணைப்பை அனுப்பிக் கையொப்பமிடச் சொல்வார்கள். சாவி உங்களிடம் இருந்தால் அவர் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சிடம் இருந்தால் அவரால் முடியாது. எவரிடமும் இல்லையென்றால் அவரிடமும் இல்லை.

அமெரிக்காவின் எப்பிஐ 2023 ஓகஸ்டில் இத்தகைய மீட்பு நிறுவனங்களைப் பற்றித் தனியாக எச்சரித்தது: முன்கட்டணம் வாங்கியபின் தொடர்பை அறுத்துவிடுகிறார்கள், அல்லது அரைகுறையான அறிக்கை ஒன்றைத் தந்து மேலும் பணம் கேட்கிறார்கள். கிரிப்டோவைக் கைப்பற்றும் ஆணையைத் தனியார் நிறுவனம் எதுவும் பிறப்பிக்க முடியாது என்றும் அந்த எச்சரிக்கை கூறியது. முதலில் 200 டொலரைத் தவறவிட்ட ஒருவர் அதை மீட்பதற்காக நகையை அடகு வைத்து 600 டொலர் கொடுத்ததை அறிவேன். அந்த 200 டொலர் அவருடைய சொந்த வொலட்டிலேயே, பொலிகனில் இருந்தது.

பொலிஸிலோ மத்திய வங்கியிலோ முறையிடலாமா?

வலையமைப்பை மாற்றி அனுப்பியது குற்றமல்ல, மோசடியும் அல்ல. அதற்குப் பொலிஸ் உதவ முடியாது. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்களின் ஆபத்துகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்தல் விடுத்திருக்கிறது. இவற்றை நடத்த எந்த நிறுவனத்துக்கும் உரிமமோ அதிகாரமோ வழங்கவில்லை என்று அவற்றில் கூறியது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் 2021 இல் வந்த பணிப்புரையின்படி, வங்கி அட்டைகளை இக்கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. வங்கி வைப்புக்கு உள்ள பாதுகாப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது என்பதை, குறிப்பாகக் குடும்பச் செலவுக்கான பணத்தை இவ்வழியில் வரவழைப்பவர்கள், தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

யாராவது உங்களை ஏமாற்றியிருந்தாலோ, சொற்களைத் திருடி வொலட்டை வெறுமையாக்கியிருந்தாலோ நிலைமை வேறு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஹாஷ்கள், முகவரிகள், உரையாடல்கள் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். திருடப்பட்டது யூஎஸ்டிடியாக இருந்து இன்னும் ஒரே முகவரியில் நின்றால், சட்ட அமுலாக்கத் துறையினரின் கோரிக்கையின்பேரில் டெதர் நிறுவனம் அந்த முகவரியை முடக்க முடியும். தாமதித்தால் அது வேறிடம் போய்விடும்.

அடுத்த தடவை வாடிக்கையாளருக்கு முகவரியை எப்படிக் கொடுப்பது?

முகவரியை மட்டும் அனுப்பாதீர்கள். நாணயம், வலையமைப்பு, முகவரி மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைப் பிரதி எடுக்கவும் வேண்டாம். தொடக்கமும் முடிவும் உங்களுடையதைப்போலவே இருக்கும் முகவரியிலிருந்து பூச்சியத் தொகையை அனுப்பி, அந்தப் பட்டியலில் தம்முடையதை நுழைத்துவிடும் மோசடி பரவலாக நடக்கிறது. 2024 மே மாதத்தில் ஒருவர் ஏறத்தாழ 68 மில்லியன் டொலர் பெறுமதியான பிட்கொயின் டோக்கன்களை அப்படித்தான் அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பியது.

விசுவமடுத் தங்கை இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அனுப்பும் செய்தி இப்படி இருக்கிறது, அவருடைய அனுமதியோடு, முகவரியை நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்: "யூஎஸ்டிடி மட்டும். பிஎன்பி செயின், பெப்-20 மட்டும். முகவரி கீழே உள்ளது, கடைசி ஐந்து எழுத்துகளை எனக்குத் திருப்பி எழுதுங்கள். முதலில் 5 டொலர் அனுப்புங்கள். வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்."